ஷாமினி வீட்டில் எத்தனை பேர்?

மூன்றும் இரண்டும் ஐந்து என்று ஒப்புக்கொள்ள முதலாம் ஆண்டு வகுப்பில் ஒருவரும் தயாராக இல்லை.

வெண்பலகையில் 3 + 2 = என்று எழுதியிருந்த புனிதா டீச்சர், கதையை மறுபடி சொன்னார். "ஷாமினி வீட்டுல தீபாவளி ஓப்பன் ஹவுஸ். முதல்ல மூணு பேரு வந்தாங்க. அப்புறம் ரெண்டு பேரு வந்தாங்க. இப்போ வீட்டுல எத்தன பேரு?"

"முதல்ல வந்தவங்க சாப்பிட்டுக் கிளம்பியிருப்பாங்க டீச்சர்," என்றான் யுகேந்திரன். "அடுத்த வீட்டுலயும் ஓப்பன் ஹவுஸ் இருக்கும் லா."

பண்டிகை நாளில் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுவது, மலேசியாவின் கிள்ளானில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த நடைமுறை. கணக்கை எழுதிய புனிதாவுக்குத்தான் தோன்றவில்லை.

கடைசி வரிசையில், குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த மேலதிகாரி பக்கிரிசாமி ஏதோ குறித்துக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் புனிதாவின் வேலை நிரந்தரமாகும். இரண்டு வருடமாகக் காத்திருக்கும் கையெழுத்து.

"யாரும் கிளம்பல. எல்லாரும் அங்கதான் இருக்காங்க," என்றார் புனிதா.

"அப்போ நாங்க?" ஷாமினிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டு ஆளுங்க நாலு பேரு எங்க போனோம்?"

நியாயமான கேள்வி. புனிதா + 4 சேர்த்தார். பக்கிரிசாமி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"ஆனா எங்கப்பா இருக்க மாட்டாரு டீச்சர். லோரி எடுத்துட்டுப் போயிருப்பாரு," என்றாள் ஷாமினி.

கழித்தல் அடுத்த மாதப் பாடம். வேறு வழியில்லாமல் - 1 போட்டார்.

"வந்த அஞ்சு பேருல எங்க மாமாவும் உண்டு," என்றான் யுகேந்திரன். "அவரு பிரியாணியத் தப்பாவ் பண்ணி, பொட்டலமா கட்டிக்கிட்டு சீக்கிரமே கிளம்பிருவாரு."

இன்னொரு - 1.

"அப்புறம் திரும்பி வருவாரு. முறுக்கு கட்ட மறந்துட்டாரு."

+ 1. கணக்கு பலகையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. பக்கிரிசாமி மறுபடியும் அடித்தார். இத்தனை அடித்தல் திருத்தலோடு ஓர் அறிக்கை வந்தால் வேலை எங்கே நிரந்தரமாவது? புனிதா மார்க்கர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி, விடைய நோட்டுல எழுதுங்க. யாரும் யாரையும் பாத்து எழுதக்கூடாது."

வகுப்பு அமைதியானது. பக்கிரிசாமியின் பக்கத்து நாற்காலியில் இருந்த இஷ்ரத் மட்டும், நோட்டை இடது கையால் மறைத்தபடி வலது கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இந்த அங்கிள் என்னோடதப் பாத்து எழுதுறாரு."