பதினோரு பேரை மன்னித்த இன்னாசி

“எலக்சன் வந்துருச்சுங்களாண்ணா?” என்று கேட்டாள் தீர்த்தம்மாள்.

கேட்கத்தான் செய்வாள். பக்கத்து வீட்டு இன்னாசி அவளோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. அப்படிப்பட்ட மனிதர் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட வேட்டியும் கூப்பிய கையுமாக வாசலில் வந்து நின்றால் வேறு எதை நினைப்பாள்?

“எலக்சன் இல்ல தீர்த்தம்மா. உன்னை மன்னிச்சுட்டேன்.”

அவள் தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். “என்னத்துக்குங்க?”

இன்னாசி புன்னகைத்தார். மாதா கோயில் சுரூபம் சிரிக்கிற மாதிரி என்று அவருக்கு நினைப்பு. பார்க்கிறவர்களுக்குப் பல்வலி மாதிரி இருந்தது.

எல்லாம் ஃபாதர் ஆரம்பித்து வைத்தது. “கோயிலுக்குள்ள கும்புட்டதை வாசல்லயே விட்டுட்டுப் போறது பக்தியில்ல. உங்களால மன்னிக்கவே முடியாத ஆளு யாருன்னு யோசிங்க. இந்த வாரம் அவங்க வூட்டுக்கே போய் மன்னிச்சுட்டு வாங்க” என்று ஞாயிறு பூசையில் பிரசங்கம் வைத்தார். பூசை முடிவில், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குப் புதுத் துணைத் தலைவர் யார் என்று அடுத்த ஞாயிறு சொல்வதாகவும் அறிவித்தார்.

இரண்டும் வேறு வேறு விஷயம். இன்னாசிதான் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்தத் துணைத் தலைவர் பதவிக்காக ஒன்பது வருடமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பவர் அவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒருவரை மன்னிப்பார்கள். நாம் மொத்தமாக மன்னித்துவிட்டால் ஃபாதரால் தட்டிக்கழிக்கவே முடியாது. பேனாவை எடுத்து உட்கார்ந்தார். பதினோரு பேர் தேறினார்கள். யோசித்திருந்தால் இன்னும் வந்திருப்பார்கள், பேப்பர் தீர்ந்துவிட்டது.

“மூணு வருசம் முன்னாடி உங்க ஆடு என் தக்காளி நாத்தை மேஞ்சுச்சே, அதுக்குத்தான்” என்றார் தீர்த்தம்மாளிடம்.

“எங்க ஆடா? எங்க வூட்ல ஏதுங்க ஆடு? ஏங்க, இங்க வந்து இந்தக் கூத்தைக் கேளுங்க!”

அவள் புருசன் மாரியப்பன் வாயில் பேஸ்ட் நுரையோடு வந்தான். “அது உங்க தம்பி சின்னராஜோட ஆடுங்க. ஊருக்கே தெரியும். இதுக்குத்தான் மூணு வருசமா எங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்களா?”

“சரி, வுடு. அதையும் மன்னிச்சுட்டேன்.”

“நீங்க எதை மன்னிக்கிறீங்க? நீங்கதான் எங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்!” என்று தீர்த்தம்மாள் குண்டானோடு எழுந்தாள்.

“மன்னிக்க வந்தவனையே மன்னிப்புக் கேளுங்கிறியே, உனக்கே நல்லா இருக்குதா?”

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னாசி தம்பி வீட்டுக்கு நடந்தார். அவள் குரல் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

சின்னராஜ் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தான்.

“டேய், உன் ஆட்டை மன்னிச்சுட்டேன்.”

“ஆட்டையா? அதைக் கறி போட்டு ரெண்டு வருசம் ஆச்சேண்ணா. நீயுந்தான் மூணு தடவை வாங்கித் தின்னே.”

“அப்ப உன்னை மன்னிச்சுட்டேன்.”

“என்னையா? என் வேலியப் புடுங்கிட்டுப் போய் உன் மாட்டுக் கொட்டாய்க்கு நட்டது யாரு? வேலி இருந்தா ஆடு ஏன் அந்தாண்ட போவுது?”

டீயோடு வந்த சின்னராஜின் மனைவி பேச்சைக் கேட்டுவிட்டு, தம்ளரோடு அப்படியே உள்ளே திரும்பினாள்.

“இப்பிடிப் பேசினா மன்னிப்பை வாபஸ் வாங்கிடுவேன்!”

“எடுத்துக்கிட்டுப் போண்ணா. இங்க தக்காளி வெக்கவே எடமில்ல.”

நேரில் போனால் ஜனங்கள் எதிர்த்துப் பேசுகிறார்கள் என்பது இன்னாசிக்குத் தெரிந்துபோயிற்று. பாக்கி ஒன்பது பேர். நூற்று எழுபது பேர் இருக்கும் பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் ஒரே தட்டில் முடிந்தது. வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாட்டி, மத்தியானம் வரை தட்டினார்.

‘இறைவன் அருளால் கீழ்க்கண்டவர்களை முழு மனதோடு மன்னித்துவிட்டேன். ஒன்று, அருள்குமார். பூசையில் கிடார் அடித்து என் குரலை அமுக்கியது. இரண்டு, சாலம்மாள். என் மகன் கல்யாணப் பிரியாணியில் கறியைத் தேட வேண்டியிருந்தது என்று ஊரெல்லாம் சொன்னது…’ இப்படியே போய், ‘ஒன்பது, நமது பங்குத்தந்தை. நாற்பது நிமிடம் பிரசங்கம் வைத்து, சர்க்கரை வியாதிக்காரனாகிய என்னைப் பட்டினி போட்டது’ என்று முடிந்தது.

சாலம்மாள்தான் முதலில் பதில் போட்டாள். வாய்ஸ் மெசேஜ். “யோவ்!” என்று ஆரம்பித்தது, மிச்சத்தை எழுத முடியாது.

மனைவி தெரசா ஓடி வந்தாள். “என்னாங்க எழுதித் தொலைச்சிருக்கீங்க? ஃபாதரையுமா?”

“அவரும் மனுசன்தானே. விடுதலை பண்ணிட்டேன்.”

“மொதல்ல அதை அழிங்க!”

எல்லோருக்கும் அழிக்கவா, உனக்கு மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. நான் போட்டதை எனக்குத்தானே அழிக்க வேண்டும் என்று ‘எனக்கு மட்டும்’ என்பதை அழுத்தினார். சுத்தமாகப் போய்விட்டது.

“பாத்தியா? ஒண்ணுமே இல்ல.”

மருமகள் ஜாஸ்மின் தன் போனைப் பார்த்தாள். “மாமா, எங்க போன்ல எல்லாம் அப்படியேதான் இருக்குதுங்க. உங்களைத்தான் இப்ப குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க.”

“எவன் அவன்?”

“ஃபாதருங்க மாமா.”

இன்னாசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒன்பது வருட இருமல் வீணாய்ப் போகிறதே. சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரில் பேசிச் சரிக்கட்டலாம் என்று ஃபாதர் பங்களாவுக்குப் போனார். சமையல்காரர் மட்டும் இருந்தார்.

“ஃபாதர் உங்க வூட்டுக்குத்தாங்க போயிருக்காரு. ஊருல பாதிப்பேரு அங்கதான் போறாங்க.”

இன்னாசிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதுதானே! பெரிய காரியம் செய்கிறவனை ஊர் முதலில் திட்டும். பிறகு மாலையோடு வரும். பேக்கரியில் ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் பேசிப் பார்த்தபடி நடந்தார். “நான் இந்தப் பதவிக்கு ஆசைப்பட்டவனில்லை…”

வாசலில் ஃபாதர் பைக். செருப்புகள் தெரு வரைக்கும் கிடந்தன. அருள்குமார், சாலம்மாள், சின்னராஜ் என்று ஒரு நீளமான வரிசை. கோயில் பக்கமே வராத தீர்த்தம்மாளும் மாரியப்பனும்கூட அதில் நின்றார்கள். இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காக இத்தனை பேரா! உள்ள வாங்க, வாங்க. ஏம்மா ஜாஸ்மின், பெரியவங்களப் போய் இப்பிடி வரிசையில நிக்க வெச்சிருக்கியே?”

ஜாஸ்மின் கையில் கிழித்த காலண்டர் தாள்கள் இருந்தன.

“எல்லாரும் உங்களை மன்னிக்க வந்திருக்காங்க மாமா, தள்ளுமுள்ளு ஆயிருச்சுன்னு டோக்கன் குடுத்துட்டேன். ஃபாதருக்கே ரெண்டாம் நம்பர்தான் கெடைச்சுது, ஒண்ணாம் நம்பரை அத்தை எடுத்துக்கிட்டாங்க.”