பட்டவர் சொல்வதே தீர்ப்பு

மனிதகுலம் தொலைத்துவிட்ட நேர்மையை மீட்டெடுக்கும் மாபெரும் பொறுப்பு, ஒஹாயோவில் ஒரு சோள வயலை ஒட்டிய மைதானத்திடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. கோடைக்காலச் சனி ஞாயிறுகளில் அங்கே ஐரோப்பிய இடைக்காலம் நடக்கும்; ஊரார் ராஜா, பிரபு என்று வேஷம் கட்டிக்கொண்டு கூடாரமடித்து ராஜ்யம் நடத்துவார்கள். வாரநாள்களில் கராஜ் கதவு விற்கும் டுவைட், அங்கே மன்னர் முதலாம் ஆஸ்வால்ட். பல் ஆஸ்பத்திரியில் ஊரார் பல்லைச் சுத்தம் செய்யும் லோர்னா, 'சிறார் நலத்துறை அமைச்சர்'.

ராஜ்யத்தின் பெருமையே வாள்சண்டைதான். நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அடி பட்டதா என்பதைப் பட்டவரே சொல்ல வேண்டும். பட்டிருந்தால் அங்கேயே 'வீரமரணம்' எய்த வேண்டும். இதை லோர்னா தன் எட்டு வயது மகள் டெஸ்ஸுக்குக் குளிர்காலம் முழுக்கப் போதித்திருந்தாள்.

"ஸ்கூல்ல தொட்டாக்கூட தொடலைன்னு ஏமாத்துறாங்கம்மா."

"இங்க ராஜாவே ஏமாத்த மாட்டாரு."

டெஸ் அதை நம்பிவிட்டாள்.

அன்று 'மன்னரோடு மழலையர் பொருதும் விழா'. பிள்ளைகள் பஞ்சு வாளால் ஒரு போடு போடுவார்கள். மன்னர் அலறிக்கொண்டு சாய்வார். அதுதான் வழக்கம். ஆனால் போன வாரம்தான் டுவைட் சண்டையில் ஜெயித்துக் கிரீடம் சூடியிருந்தார். அவரிடம் தோற்ற பிரபு, வேலியில் சாய்ந்து வான்கோழிக் காலைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே ஒரு குழந்தையிடம் சாய மன்னருக்கு மனமில்லை.

டெஸ் வீசினாள். மன்னரின் தகரக் கவசம் டமாரென்றது.

"பட்டுடுச்சு மகாராஜா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே பாப்பா. லேசா உரசிச்சு."

மறுபடி அடித்தாள். மன்னர் இடுப்பைத் தடவிக்கொண்டு, "காத்து," என்றார்.

"போன வாரமும் இதே காத்துதான்," என்றார் பிரபு, எலும்பைத் துப்பிவிட்டு.

டெஸ் திரும்பினாள். "அம்மா, பட்டுச்சுதானே?"

பட்டதை லோர்னாவும் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தால் அமைச்சர் பதவி போய்விடும்.

"பட்டவங்கதான் சொல்லணும், கண்ணு," என்றாள்.

மாலையில் சிறுவர் சண்டை. பக்கத்துக் கூடாரத்து கால்பி, ஐந்து வயதுப் பொடியன், எம்பிக் குதித்து டெஸ்ஸின் தலைக்கவசத்தில் வைத்தான் ஒரு போடு. சமையல் கூடாரத்தில் வெங்காயம் உரித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டெஸ் கவசத்தை நேராக்கிக்கொண்டு, நிதானமாகக் குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே பாப்பா. காத்து."

கால்பி ஓவென்று அழுதான். மன்னர் சிம்மாசனத்திலிருந்தே எழுந்துவிட்டார்.

"அடடா, என்ன ராஜ களை. இந்தப் பொண்ணுக்குப் பதக்கம் குடுத்தே ஆகணும். யாரும்மா பயிற்சி குடுத்தது?"

லோர்னா தோளில் கிடந்த அமைச்சர் பட்டையைக் கழற்றி அவர் காலடியில் போட்டாள்.

"நீங்கதான் மகாராஜா. பக்கத்துல வாயை மூடிட்டு நின்னது நான்."