தூளியில் ஒரு ஹார்ட் டிஸ்க்

"சார், கையில எடுத்துட்டுப் போறதுக்கா, மேஜைமேலயே வைக்கிறதுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர் சுப்பராயலு.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய மாடியில் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் கடை. கண்ணாடி மேஜைமேல் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகள் கிடந்தன. ஒன்று செங்கல் அளவு, இன்னொன்று சோப்புப் பெட்டி அளவு. இளமாறன் முக்கால் மணி நேரமாக இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான், கத்திரிக்காய் பொறுக்குகிறவன் போல.

"எடுத்துட்டுப் போய்ப் பாட்டு ரெக்கார்ட் பண்ணணும் சார். நாலு மைக், ஒரே நேரத்துல."

"அப்ப பெருசுதான். வேகமா சுத்தும். சின்னது மூச்சு வாங்கும்."

"பெருசுக்குத் தனியா கரண்ட் வேணுமே?"

"நீங்க போற இடத்துல கரண்ட் இல்லையா?"

இருந்தது. 2006-இல் பாதி வயலாகவும் பாதி மனைக்கல்லாகவும் கிடந்த முடிச்சூரில்கூடக் கரண்ட் இருந்தது, அதுவாக நினைத்துக்கொண்டால். இளமாறன் பெரியதையே வாங்கினான்.

அவசரத்துக்குக் காரணம் சவுரிமுத்து. ஏசி மெக்கானிக். தோஹாவில் வேலை கிடைத்து அடுத்த வியாழக்கிழமை விமானம் ஏறப் போகிறார். ஒன்பது வருடம் செவ்வானம் இன்னிசைக் குழுவில் டோலக் வாசித்தவர். குழு கலைந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கீபோர்டு வாசித்த இளமாறன் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய்விட்டான். பாடகி பட்டு இரும்புலியூரில் டீச்சராகிவிட்டாள். கிடார் குணா இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தான்; அவனைக் கண்டாலே பழைய ரசிகர்கள் தெரு மாறிப் போனார்கள்.

கல்யாணம், மாதா கோயில் தேர், ஆடி மாதக் கூழ் என்று எத்தனை மேடை! எல்லா மேடையிலும் சினிமாப் பாட்டுதான். அவர்களுக்கென்று சொந்தமாக ஒரே ஒரு பாட்டு இருந்தது. கேளம்பாக்கத்தில் வேன் டயர் வெடித்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், சவுரிமுத்து ஸ்டெப்னியில் தாளம் போட, பட்டு முணுமுணுக்க, தானாக வந்த பாட்டு. எந்த மேடையிலும் யாரும் அதைப் பாடச் சொன்னதில்லை. அந்தப் பாட்டு ஒரு கேசட்டில்கூடப் பதிவாகவில்லை. சவுரிமுத்து விமானம் ஏறிவிட்டால் இனி ஆகப்போவதும் இல்லை.

ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றால், "கண்ணாடி ரூம்ல குந்த வெச்சா எனக்குக் கை ஓடாது மாறா" என்று சவுரிமுத்து முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே ஸ்டுடியோ அவருடைய முடிச்சூர் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இளமாறனிடம் இருந்த பழைய லேப்டாப்பிலோ ஒரு பல்லவிக்கு மேல் இடம் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை. சவுரிமுத்து வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் லேப்டாப், மைக்குகளைச் செருகுகிற ஒலிப்பெட்டி, ஹார்ட் டிஸ்க், இவற்றைச் சுற்றி ஒயர்கள். பட்டு வாயைத் திறந்ததும் மூன்று வருடம் காணாமல் போனது. அதே குரல். டீச்சர் வேலையில் கொஞ்சம் கண்டிப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

பல்லவி முடிந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தில் திரை உறைந்து, டிஸ்க்கைக் காணோம் என்றது.

பார்த்தால், டிஸ்க்கின் கரண்ட் ஒயர் லேசாக வெளியே வந்திருந்தது. செருகி மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் இரண்டாவது சரணத்தில் காணோம்.

"வுடு மாறா. மிஷின்னா அப்டித்தான். சாப்பாடு ஆறுது" என்றார் சவுரிமுத்து.

"வியாழக்கிழமை நீங்க கிளம்பறீங்கண்ணா!"

"அதுக்கு? இன்னிக்குச் சாப்பிடாம போவ முடியுமா?"

சவுரிமுத்துவின் மனைவி அம்மணி அண்ணி கோவளத்திலிருந்து வந்த வஞ்சிரத்தை வறுத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை பழைய பாட்டையெல்லாம் பாடித் தீர்த்தார்கள். குணா ஒரு பாலிசிகூட விற்காத ஒரே ஞாயிறு அது.

மறுநாள் போன் வந்தது. "மாறா, ஏஜென்ட்டு ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கீறான்."

முகம் தெரியாத அந்த ஏஜென்டை இளமாறன் மனதார வாழ்த்தினான்.

"லூஸ் கனெக்‌ஷன் சார்" என்றார் சுப்பராயலு. பெரியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு சின்னதைக் கொடுத்தார். "இதுக்கு அடாப்டரே வேணாம். லேப்டாப்லேருந்தே கரண்ட் எடுத்துக்கும்."

எடுத்துக்கொண்டது. ஆனால் போதவில்லை என்று அதன் ஒயருக்கு இரண்டு தலை வைத்திருந்தார்கள். லேப்டாப்பில் இருந்ததே இரண்டு யுஎஸ்பி துளைகள், ஒன்று ஒலிப்பெட்டிக்கு. எனவே ஒரு துளையை நான்காக்கும் ஹப் வாங்கினான். ஹப்புக்குத் தனி அடாப்டர் தேவைப்பட்டது. அடாப்டர் வேண்டாம் என்று வாங்கிய டிஸ்க்குக்காக இன்னொரு அடாப்டரைச் சுமந்துகொண்டு இரண்டாவது ஞாயிறு முடிச்சூர் போய்ச் சேர்ந்தான்.

இரண்டாவது சரணத்தில் டிஸ்க்கைக் காணோம்.

"டேய், பேசாம டேப் ரெக்கார்டர்ல புடிச்சிருக்கலாம்டா" என்றான் குணா.

"கொரகொரன்னு கேக்கும்டா. அண்ணனோட ஒவ்வொரு விரலும் தனியா கேக்கணும்."

சவுரிமுத்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பட்டு, அந்தக் கோவளம் கல்யாணத்துல மாப்பிள்ள மயக்கம் போட்டானே, அப்ப நாம இன்னா பாட்டு பாடினு இருந்தோம்?" என்று கேட்டார். அவ்வளவுதான், பேச்சு இருட்டும்வரை போயிற்று. விமானமும் இன்னொரு வாரம் தள்ளிப் போயிற்று.

இந்த முறை சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏன் சார், டிஸ்க் பக்கத்துல மேளம் கீளம் வாசிக்கிறாங்களா?"

"ஆமா."

"அதான்! அதிர்வு! உள்ள தகடு சுத்திட்டிருக்கு சார். நீங்க அதும் பக்கத்துல உட்கார்ந்து தடதடன்னு தட்டினா அது என்ன பண்ணும், பாவம்!"

டிஸ்க்கைத் தூரமாக வைக்க நீள ஒயர் வாங்கினான். நீள ஒயரில் கரண்ட் குறையும், அதற்கு இன்னும் பெரிய ஹப். அதற்குக் கரண்ட் ஏறி இறங்கக் கூடாது, அதற்கு யூபிஎஸ். யூபிஎஸ்ஸை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக முடியாது, அதற்கு ஒரு லோடு ஆட்டோ. சட்டைப் பையில் போகும் என்று வாங்கிய டிஸ்க், மூன்றாவது ஞாயிறு, மூன்று சக்கர வண்டியில் முடிச்சூருக்குள் நுழைந்தது. தெருக்காரர்கள் யாரோ குடிவருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

"சினிமா எதுனா எடுக்கறீங்களாப்பா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

இரண்டாவது சரணம். காணோம்.

"தரைலதான் அதிர்வு வருது. தரையே படக் கூடாது" என்று இளமாறன் முடிவுக்கு வந்தான். அம்மணி அண்ணியிடம் பழைய புடவை ஒன்று கேட்டு வாங்கி, நான்காவது ஞாயிறு கூடத்து உத்தரக் கொக்கியில் தூளி கட்டி, அதற்குள் டிஸ்க்கைப் படுக்க வைத்தான். ஒயர் தூளியிலிருந்து இறங்கிப் பாய் வழியாக லேப்டாப்புக்குப் போயிற்று.

பட்டு தூளியை லேசாக ஆட்டி, "பேர் வெச்சாச்சா?" என்றாள். குணா டிஸ்க்குக்குக் குழந்தைகள் பாலிசி ஒன்று போடலாம் என்றான். சவுரிமுத்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இளமாறனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று பாட்டு மிக அழகாக வந்தது. டோலக் டயர் வெடித்த அந்த மத்தியானத்துக்கே போய்விட்டது. இளமாறன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். இரண்டாவது சரணத்தில் பாதி தாண்டியது. இன்னும் நாலே வரி. இன்னும் மூன்று.

காணோம்.

இளமாறன் கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அது 'ஙொய்ங்' என்று ஒரு நீண்ட ஓசை எழுப்பியது. அழுகை வந்தது அவனுக்கு. முப்பத்திரண்டு வயதில், தூளிக்குக் கீழே உட்கார்ந்து அழுவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டான்.

"இன்னா மாறா, இதுக்கெல்லாம் போயி..." என்று சவுரிமுத்து அவன் முதுகைத் தட்டினார். "அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்டா. ஏஜென்ட்டு இன்னும் ஒரு வாரம்னுதான் சொல்லிக்கீறான்."

இளமாறனால் இனி ஏஜென்டை நம்பி இருக்க முடியவில்லை. எத்தனை வாரம்தான் ஒரு மனிதன் விமானத்தைத் தள்ளிப் போடுவான்? குரோம்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வெள்ளிக்கிழமை காலைக்குச் சொல்லி வைத்தான். கண்ணாடி அறையானால் என்ன, கண்ணைக் கட்டியாவது அண்ணனை உட்கார வைத்துவிடுவது என்று தீர்மானம். குணாவும் பட்டுவும் லீவு போடச் சம்மதித்துவிட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டு வர முடிச்சூர் போனான்.

சவுரிமுத்து வேலைக்குப் போயிருந்தார். அம்மணி அண்ணி குழாயடியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை ஸ்டுடியோல ஒரேயடியா முடிச்சிடலாம்னு அண்ணன் கிட்ட சொல்லிடுங்க. உங்களுக்கும் வாராவாரம் எங்களுக்கு ஆக்கிப் போடற தொல்லை விட்டுச்சு."

அண்ணி மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப இந்த ஞாயித்துக்கெழம யாரும் வர மாட்டீங்களா?"

"வேலையே முடிஞ்சிடுமே அண்ணி. எல்லாம் அந்தப் பாழாப்போன டிஸ்க்கால வந்தது. இல்லாட்டி மொத வாரமே பாட்டு முடிஞ்சிருக்கும், அண்ணனும் நிம்மதியா கிளம்பியிருப்பாரு."

அண்ணி குழாயை மூடினாள்.

"நல்ல டிஸ்க்க போயித் திட்டாத தம்பி, நீங்க மொத வாரம் வர்றதுக்கு முன்னாடியே அவரு விசா கான்சலு, பாட்டு முடிஞ்சிட்டா அப்பறம் எவன் நம்ம வூட்டுக்கு வரப்போறான்னு அவருதான் ஒவ்வொரு வாட்டியும் கால் கட்டவெரலால ஒயர இஸ்து வுட்டுகினு கீறாரு."