செங்கம் சாலை லாட்ஜும் பி.எச்.பி.யும்

திருவண்ணாமலை,
பங்குனி 5

மாப்பிள்ளை குமரேசன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வேணு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் லாட்ஜும் நலம். சென்னையில் நீங்களும் தங்கை ஆதிலட்சுமியும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். மகள் ஆர்த்தியும் நலமாக இருக்கட்டும். கொஞ்சம் சும்மாவும் இருக்கட்டும்.

இருபது வருஷத்துக்கு முன் நான் பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நம் ரூம் புக்கிங் சைட்டை எடுத்துவிட வேண்டும் என்கிறாள். "அதுல இப்ப யாரும் புதுசா எழுதறதில்ல மாமா, வருஷா வருஷம் மவுசு கம்மியாயிட்டே போவுது" என்று போனில் சொல்கிறாள். கம்ப்யூட்டர் மொழிகளுக்குக்கூட ரேங்க் போடுகிறார்களாம். சரி, பழசைப் பராமரிக்க ஆள் பிடிப்போம் என்று வேங்கிக்காலில் நான் கம்ப்யூட்டர் படித்த சென்டருக்குப் போனால், அங்கே ஆரி வேலை வகுப்பு நடக்கிறது. ஊசியும் கையுமாக இருந்த அம்மா நிதானமாக யோசித்து, "பி.எச்.பி.யா? அந்த டிசைன் இப்ப ஜாஸ்தி யாரும் கேக்கறதில்லீங்க" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை, புரோகிராமில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் தேடியவன் நான். பி.எச்.பி.யில் எல்லாப் பெயருக்கும் முன்னால் டாலர் குறி போடுவோம், அதைப் பார்த்துவிட்டு ஆதிலட்சுமி, "அண்ணா, சம்பளம் டாலர்லயா?" என்று கேட்டாள். ஆசிரமத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது முதல் புக்கிங் வந்தது, ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மாள். அதை பிரின்ட் எடுத்து உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் கடைத்தெருவுக்குக்கூடப் போகாமல் அதையே படித்துக்கொண்டிருந்தீர்கள்.

சைட்டில் என்ன குறை? காலண்டரில் பௌர்ணமி என்று போட்டிருக்கும் நாள் வேறு, கிரிவலத்துக்குக் கூட்டம் வரும் ராத்திரி வேறு. முந்தின நாள் சாயங்காலமே திதி பிறந்துவிட்டால் ஜனம் அன்றைக்கே நடக்கும். பஞ்சாங்கம் பார்த்து அந்த நேரத்தை நான் வருஷா வருஷம் ஏற்றி வைக்கிறேன். பக்கத்து லாட்ஜின் புது சைட்டுக்கு இது தெரியாமல் நாள் மாறிப் பதிந்து, போன மாசிப் பௌர்ணமிக்கு அவர்கள் மாடிப்படியில் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். நம் இருபத்திரண்டு ரூமும் சரியான நாளில் நிறைந்தன. ஒரு குழப்பம் இல்லை. இதை எந்தப் புது மொழி செய்யும்? லேப்டாப்பைத் தட்டத் தெரிந்தால் போதுமா, திதி தெரிய வேண்டாமா? ஆகவே நான் இருக்கும்வரை சைட்டைத் தொடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தங்கைக்கு என் ஆசிகள். வெயிலில் அலையாதீர்கள்.

இப்படிக்கு,
வேணு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆர்த்தி போன் செய்தாள். தை மாசமே சைட்டைப் புது மொழிக்கு மாற்றிவிட்டாளாம். முகப்பை அப்படியே விட்டதால் எனக்குத் தெரியவில்லை. "திதி கணக்கு?" என்றேன். "நீங்க எழுதி வச்சிருந்ததப் படிச்சுத்தான் மாமா போட்டேன். சொன்னா வருத்தப்படுவீங்கனு சொல்லல" என்றாள். ஆகவே, மேலே எங்கெல்லாம் சைட்டைப் புகழ்ந்திருக்கிறேனோ, அங்கெல்லாம் அவளைப் புகழ்ந்ததாகப் படித்துக்கொள்ளுங்கள். அவளைத் திட்டியிருக்கும் வரிகளை மட்டும் தங்கையிடம் காட்ட வேண்டாம்.