இருபதடித் தண்ணீரும் இரண்டு அப்பளமும்

பாண்டிச்சேரிக்குத் தனியாகப் போவது என்று ஜெயராமன் முடிவெடுத்துவிட்டார். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவராக எடுத்த முதல் முடிவு. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வெள்ளானூர் வீடு வரைக்கும் பைக்கில் விசிலடித்துக்கொண்டே வந்தார். ஹெல்மெட்டுக்குள் விசிலடித்தால் காது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடைக்கட்டும்!

விஷயம் இதுதான். ஜெயராமனுக்கு டார்ச் லைட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. முதலாளி இருதயராஜ் புதிதாக ஒரு லைட் போட்டிருந்தார். கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்க்கிறவர்கள் கையில் பிடித்துக்கொள்கிற டைவிங் லைட். "ஊட்டுக்கு எடுத்துகினு போய் தண்ணில போட்டு நல்லா சோதிச்சுப் பாரு. திங்கக்கிழமை ரிப்போர்ட் குடு. அப்புறம் பாண்டிச்சேரில கடல்ல எறக்கிப் பாக்கணும். மூணு நாளு, ரூம் போட்டுத் தரேன்" என்றார்.

மூன்று நாள்! போன தடவை மகாபலிபுரம் போனபோது மனைவி தாட்சாயிணியின் அக்கா குடும்பம், அக்காவின் நாத்தனார் குடும்பம் என்று பதினோரு பேர் வேனில் ஏறினார்கள். ஜெயராமன் புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் சூட்டில் வெந்துகொண்டே போனார். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கடலில் இறங்கினார்கள். இவர் பன்னிரண்டு ஜோடி செருப்புக்குக் காவல் இருந்தார். மனுஷனுக்கும் ஆசை இருக்காதா?

வீட்டுக்குள் நுழைந்ததும் தாட்சாயிணி லைட்டைக் கையில் வாங்கினாள்.

"இன்னா மாமா இது, இந்தக் கனம் கனக்குது?"

"டைவிங் லைட். தண்ணிக்குள்ள எரியும்."

"எத்தினி அடி வரைக்கும்?"

"நூறு மீட்டர்னு பெட்டில போட்டுகீது."

"பெட்டில போட்டுகீது சரி. நீங்க பாத்தீங்களா?"

"அதுக்குத்தான எடுத்தாந்துகீறேன். பாத்துட்டுப் பாண்டிச்சேரி போவணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாக்கைக் கடித்து என்ன புண்ணியம்?

"பாண்டிச்சேரியா! நானும் வரேன். அக்காவுக்கு போன் போடவா?"

"அய்யய்யோ, அதெல்லாம் முடியாது" என்று பதறிய ஜெயராமன், அந்த நிமிஷமே ஒரு சட்டத்தை உருவாக்கினார். "கம்பெனி ரூலு. டெஸ்ட் பண்ணவங்க மட்டும்தான் போவலாம். பொண்டாட்டி, மச்சினி, ஒருத்தருக்கும் எடம் கெடையாது."

"டெஸ்ட் பண்ணவங்க மட்டும்தானா?"

"மட்டும்தான்."

"சரி" என்றாள் தாட்சாயிணி.

இவ்வளவு சுலபமாக அவள் 'சரி' சொல்லி ஜெயராமன் கேட்டதே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

அன்று சாயங்காலமே பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து லைட்டைப் போட்டார். எரிந்தது. பத்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். அப்போதும் எரிந்தது. எடுத்துத் துடைத்து, காகிதத்தில் 'ஓ.கே.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோதனை முடிந்தது. தாட்சாயிணி மட்டும் பாத்ரூம் வாசலை விட்டு நகரவில்லை.

"பக்கெட்டு ஒரு முழம்தான மாமா ஆழம்? கடலு எத்தினி முழம்?"

"தண்ணின்னா தண்ணிதான்."

"கடல்ல கலங்கலா இருந்தா வெளிச்சம் தெரியுமா?"

"தெரியும், தெரியும்."

"பேட்டரி தீந்தா தொறந்து மூடணுமே, அப்ப தண்ணி பூராதா?"

"தாட்சா, தரம் பாக்குறது நானா நீயா?"

அவள் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். அதை விரலால் தடவி, "குக்கர் கேஸ்கட் கணக்கா கீது" என்றாள், தனக்குத்தானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கறிக் குழம்பு. ஜெயராமன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஐந்து மணிக்குக் கண் விழித்தால் லைட்டைக் காணவில்லை. தாட்சாயிணியையும் காணவில்லை. அலறியடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

சுற்றி நிலமெல்லாம் பிளாட் ஆகிப்போனாலும் வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு மட்டும் மூடாமல் இருந்தது. இந்த மழைக்கு இருபதடித் தண்ணீர். தாட்சாயிணி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். நுனியில் டைவிங் லைட் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

"கம்பெனி சாமான்டீ! இன்னா பண்ற?"

"டெஸ்ட்டு" என்றாள். "காத்தால நீங்க கறி வாங்கப் போனப்பவே ஆரம்பிச்சிட்டேன். அரிசி களஞ்ச தண்ணில போட்டா ரெண்டு முழத்துக்கு மேல வெளிச்சம் போவல. டிரம்முல எரிய வுட்டா மூணே முக்கா மணி நேரத்துல மங்கிடுச்சு. பெட்டில அஞ்சு மணி நேரம்னு போட்டுகீது. எல்லாம் எழுதி வெச்சிகீறேன்."

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் முழுக்க எழுத்து. தாட்சாயிணி லைட்டை நன்றாகத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த சந்திலிருந்து விரல் நுனியால் எதையோ எடுத்தாள்.

"இன்னாது அது?"

"அப்பளம். பொரிச்ச அப்பளம்."

"லைட்டுக்குள்ள அப்பளமா!"

"சொட்டுத் தண்ணி பூந்தாலும் கண்ணுக்குத் தெரியாது மாமா. அப்பளத்துக்குத் தெரியும். மொதல் ரெண்டு தபா எறக்குனப்ப மொறுமொறுன்னு இருந்திச்சு. அஞ்சு தபா தொறந்து மூடிட்டு எறக்குனேன். தொட்டுப் பாருங்க."

தொட்டார். துணி மாதிரி மடங்கியது. நமத்துப்போயிருந்தது.

ஜெயராமன் விடவில்லை. தரம் பார்த்த பதினாறு வருஷ அனுபவம் சும்மாவா? "மழ காலத்துல அப்பளம் தானா நமத்துப் போவும். இது ஒரு டெஸ்ட்டா?" என்று மடக்கினார்.

தாட்சாயிணி இடுப்பிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்துத் திறந்தாள். "அதே அப்பளத்தோட இன்னொரு துண்டு. அதே நேரம் மூடி வெச்சேன். கடிச்சுப் பாருங்க."

கடித்தார். படக்கென்று உடைந்தது. அதோடு அவருடைய பதினாறு வருஷ அனுபவமும் போயிற்று. ரப்பர் வளையத்தில் மயிரிழைப் பிசிறு ஒன்று இருந்ததை அவள் நகத்தால் காட்டினாள். திறந்து மூடும்போது அது மடங்கி, தண்ணீருக்கு வழி விடுகிறதாம். எப்படித்தான் கண்ணில் பட்டதோ!

உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பாண்டிச்சேரி? "தாட்சா, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். ஓ.கே.ன்னு எழுதிட்டேன். மொதலாளிக்குத் தெரியக் கூடாது" என்று குரலைத் தாழ்த்தினார்.

"எழுதுனத போட்டோ புடிச்சு அனுப்பிட்டேனே."

"எப்படி? என் போனு பூட்டி இருந்திச்சே!"

"தூங்கினு இருந்தீங்க. வெரல எடுத்து வெச்சேன், தொறந்துகிச்சு. அப்பளம் மொத தபா நமத்தப்பவே அனுப்பிட்டேன். இப்ப எறக்குனது உறுதிக்கு இன்னொரு தபா."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. இருதயராஜ். தாட்சாயிணியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெயராமா! யாருய்யா இந்த அப்பள ஐடியா?"

"நான்தாங்க சார், அவரு சம்சாரம்."

"அம்மா, என் மானத்தக் காப்பாத்திட்டீங்க! கடல்ல போய்த் தண்ணி பூந்திருந்தா ஆர்டரே போயிருக்கும். வளையத்த மாத்திடறேன். பாண்டிச்சேரிக்கு நீங்களும் ஜெயராமன் கூட..."

"அது முடியாதுங்க சார்" என்றாள் தாட்சாயிணி, ரொம்பப் பணிவாக. "டெஸ்ட் பண்ணவங்க மட்டும்தான் போவணும்னு கம்பெனி ரூலாமே. அவருதான் சொன்னாரு. அவரு பக்கெட்ல போட்டுப் பாட்டுதான் கேட்டாரு."

"அப்படி ஒரு ரூல் இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றார் இருதயராஜ். "ஆனா நல்ல ரூலுதான். நீங்களே போங்கம்மா. தொணைக்கு யாரு வருவா?"

"எங்க அக்கா சுசீலா, சார். காத்தால வந்து டிரம்முக்குத் தண்ணி ஊத்துனது அதுதான்."

"சார், அப்ப நானு?" என்று ஜெயராமன் போன் பக்கம் குனிந்தார்.

"உனக்குத்தான் பெரிய வேல வெச்சிகீறேன்."

புதன்கிழமை காலையில் கம்பெனி கார் வந்தது. அக்காவும் தங்கையும் ஏறிப் போனார்கள். இறங்கியது ஒரு அட்டைப்பெட்டி. வளையம் மாற்றிய நாற்பத்தெட்டு லைட். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை திறந்து மூடி, அப்பளத் துண்டு வைத்துக் கிணற்றில் இறக்க வேண்டும். அப்பளத்தையும் ஜெயராமனே பொரித்தார்.

சாயங்காலம் தாட்சாயிணி போன் செய்தாள். ஜெயராமன் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு, தோளில் போனை இடுக்கினார்.

"மாமா, கடல் சத்தம் கேக்குதா?"

"ம்... கேக்குது."

"எனக்கும் ஒரு சத்தம் கேக்குது, மொறுமொறுன்னு. அது எத்தினியாவது லைட்டோட அப்பளம்?"