நெபுலாவுக்கு வந்த மைசூர்பாகு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறவர் அது என்ன படம் என்றும் எழுத வேண்டும். முப்பத்தாறு வயதாகியும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சித்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் புது ஸ்மார்ட் டெலஸ்கோப்பை வைத்த முதல் நாள் ராத்திரி. (நான் செய்ததெல்லாம் அதை நிறுத்தி வைத்ததுதான். வானத்தில் ஓரியன் நெபுலாவைத் தேடிப் பிடித்ததும் படமெடுத்ததும் அதுவே.) ஃபோனில் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. பெரிய கலைஞன் போல அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, என் மனைவி சுமதியின் வீட்டார் இருக்கும் குழுவில் போட்டேன். "எங்க முதல் படம். இப்போ மங்கலாத்தான் இருக்கு, போகப்போகத் தெளிவாத் தெரியும்" என்றும் எழுதினேன். பிறகு ஃபோனை மறுபடி டெலஸ்கோப்போடு இணைத்தேன். இணைத்தால் அதில் இன்டர்நெட் வராது. குழுவில் வாழ்த்து குவிந்தது எனக்குத் தெரியாமலே போயிற்று.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை.

முக்கால் மணி நேரத்தில் குடிபாலாவிலிருந்து மாமனாரும் மாமியாரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அத்தை கையில் மைசூர்பாகு டப்பா.

"நீ இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கிற? உக்காரும்மா" என்று சுமதியை நாற்காலியில் உட்கார வைத்தார். மாமா தன் ஃபோனை என்னிடம் நீட்டி, நெபுலாவில் பளிச்சென்று இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தலை இதுதான மாப்ள?"

சுமதிதான் அப்பாவிடம் சொன்னாள்.

"நைனா, அது ஸ்கேன் இல்ல. வானம்."

சமாளிக்கிறேன் என்று, அது நட்சத்திரங்கள் பிறக்கிற இடம் என விளக்கினேன். (பேசாமல் இருந்திருக்கலாம்.)

"இப்பவும் பொறந்துக்கினு இருக்குதா?" என்று அத்தை கேட்டார்.

"ஆமா அத்தை."

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து ஒரு துண்டை அவள் வாயருகே நீட்டினார். "வாங்கியாந்தது வாங்கியாந்துட்டேன். துன்னு."

சுமதி அழுதுகொண்டே தின்றாள். மாமா இன்னமும் ஃபோனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் எல்லோருமே சிரித்தோம்.

ஊரில் யாராவது "பொண்ணுக்கு ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டால், அதுவரை அத்தை பேச்சை மாற்றிவிடுவார். இப்போது நிமிர்ந்து பதில் சொல்கிறார்.

"இருக்குது. கொஞ்சம் தூரத்துல."