ஏழு விசில் பிளைவுட்

அன்று மேனாம்பேடு பட்டறையில் பிரஷர் குக்கரின் மூடியைத் திறந்தபோது சுற்றி நின்றவர்கள் மூன்று பேர்: நான், அமுதா அக்கா, அக்காவின் கணவர். இல்லாதவர்கள், எனக்கு ஆர்டர் கொடுத்த கார்த்திக்கும் அவர் மனைவி திவ்யாவும். பிறந்து இரண்டே நாளான மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்கள் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று. உள்ளே வெந்து கிடந்தது அவர்கள் மகளின் கட்டில்.

அக்காவின் கணவருக்கு ஆதார் அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை மரவேலை தெரிந்த எல்லோருக்கும் அவர் குக்கர் அண்ணன். பிளைவுட்டைச் சமைத்துப் பார்க்காமல் அறுக்காத தச்சர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். உள்ளங்கை அளவு துண்டு, அரைப் பாத்திரம் தண்ணீர், ஏழு விசில். மட்டமான பசையாக இருந்தால் பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து அப்பளமாக மிதக்கும். நல்ல சரக்கு அப்படியே கிடக்கும். அந்த வீட்டுச் சாம்பாரில் எப்போதும் லேசாக மரவாடை அடிக்கும். பொறுத்துப் பார்த்த அமுதா அக்கா, பலகைத் துண்டு நுழையாத அளவுக்குச் சின்ன குக்கராகத் தேடி ஒன்று வாங்கினார். அடுத்த வாரமே அண்ணன் துண்டை இன்னும் சின்னதாக அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அவரிடம் போனது என் முதல் ஆர்டருக்காக. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ‘சொந்தமாக மேசை, கட்டில் செய்து விற்கப்போகிறேன்’ என்றதும் அப்பா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. படிக்க வைத்தது தச்சு வேலைக்கா என்பது அவர் கேள்வி. இந்த ஒரு கட்டில் சரியாகப் போனால்தான் அவரிடம் நான் வாயைத் திறக்க முடியும்.

அயனம்பாக்கம் ஏரி தெரிகிற அடுக்குமாடியில் கார்த்திக் குடும்பம். திவ்யாவுக்குப் பெயின்ட் வேண்டாம், குழந்தை நக்கும். பிர்ச் என்கிற வெளிநாட்டு வெள்ளை மரத்துப் பிளைவுட்தான் வேண்டும். ஓரத்தில் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியவேண்டும். வெள்ளிக்கிழமை குழந்தை வீட்டுக்கு வரும்போது கட்டில் தயாராக இருக்கவேண்டும். நான் பதினெட்டாயிரம் சொன்னேன். சரி என்றார்கள். அப்போது எனக்கு பிர்ச்சின் விலை தெரியாது.

அம்பத்தூரில் ஒரு கடைக்காரர் மூவாயிரத்து இருநூறுக்கு ஒரு ஷீட்டைக் காட்டினார். மேலே வெண்ணெய் மாதிரி வெளுப்பு. என் மனம் கரைந்துவிட்டது. குக்கர் அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரத்தை விரலால் எண்ணினார்.

“பதினெட்டு எம்எம் பிர்ச்சுன்னா பதிமூணு அடுக்கு இருக்கணும் நைனா. இதுல ஒம்போதுதான் கீது. மீதி நாலு எங்க, லீவுல கீதா?”

கடைக்காரர் எல்லாமே பிர்ச்தான் என்று சாதித்து, தைரியமாக ஒரு துண்டும் கொடுத்தார். மூன்றாவது விசிலிலேயே அது பிரிந்துவிட்டது. மேல்தோல் மட்டும் பிர்ச். உள்ளே ஏதோ மெத்து மரம், நடுவில் எறும்பு குடித்தனம் நடத்தும் அளவுக்கு இடைவெளி. அண்ணன் அந்தக் கஞ்சியை டிபன் பாக்ஸில் ஊற்றி, கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அசல் சரக்கு பூந்தமல்லியில் கிடைத்தது. வெளிநாட்டு ஷீட், ஏழாயிரத்து நானூறு. சாம்பிள் துண்டு கிடையாது, வேண்டுமானால் முழு ஷீட் என்றார்கள். வாங்கினேன். எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்றில் கட்டிலின் எல்லாப் பாகங்களும் அடங்கும்படி இரண்டு ராத்திரி உட்கார்ந்து படம் போட்டிருந்தேன். கை அகலம்கூட மிச்சம் விழாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

புதன்கிழமை காலை ஸ்க்ரூ வாங்க ஆவடி போய்த் திரும்புகிறேன். பட்டறையில் விசில் கேட்கிறது. ஷீட்டைப் பார்த்தேன். நட்ட நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தரை தெரிந்தது.

“அண்ணே, ஓரத்துல எடுத்திருக்கலாமே,” என்றேன்.

“ஓரத்த எல்லாரும் பாப்பான், அங்க ஒயுங்காதான் வெப்பான். திருட்டு நடுவுலதான் கீது. கொயந்த படுக்கப்போற பலக நைனா.”

ஏழு விசில் முடிந்து மூடியைத் திறந்தோம். துண்டு கல் மாதிரி கிடந்தது. பதிமூன்று அடுக்கும் ஒன்றையொன்று விடவில்லை. குக்கர் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சொக்கத் தங்கம். இத விட நல்ல பலக கெடைக்காது.”

“அந்த நல்ல பலகையிலதான்யா ஓட்ட போட்டு வெச்சிகீற,” என்றார் அமுதா அக்கா.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் வெந்த துண்டோடு போய், அதை ஓட்டையில் திரும்பப் பொருத்திப் பார்த்தார். வெந்து உப்பியிருந்ததால் நுழையவில்லை.

அன்று மாலையே குட்டியானை வண்டியில் இரண்டாவது ஷீட் வந்தது. இறக்கி வைத்தவுடன் அண்ணனின் கண் அதன் நடுப்பகுதிக்குப் போவதைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை, ஷீட் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

“எய்ந்திரு நைனா. ஒரே கடை, வேற வேற லாட்டா இருக்கும். தம்மாத்துண்டு போதும்.”

“மாட்டேன்ணே. என்னைச் சேர்த்து அறுங்க.”

அக்கா இரண்டு குக்கரையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பலகையை வேகவைக்காமல் அறுத்தார் அண்ணன். அந்த ராத்திரியும் மறுநாளும் பூட்டிய பீரோவை முறைத்தபடியே வேலை செய்தார். ஆனால் என் வரைபடத்தை விட்டு ஒரு நூல் விலகவில்லை. மூலைகளைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து வழவழப்பாக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை கட்டிலை அயனம்பாக்கத்தில் இறக்கினோம். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, உள்ளே வைத்து ஸ்க்ரூவெல்லாம் முடுக்கினோம். கார் ஏறிவிட்டதாக கார்த்திக் போன் செய்தார். நான் கீழே போய் அவர்களை அழைத்துக்கொண்டு மேலே வந்தேன். அறைக் கதவைத் திறந்தால், நாலடிக் கட்டிலுக்குள் எண்பத்தைந்து கிலோ குக்கர் அண்ணன், முட்டியை மோவாயில் இடித்தபடி சுருண்டு படுத்திருந்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

“வேக வெக்க உடல சார்,” என்றார் அவர், படுத்தபடியே. “அதான் நானே படுத்துப் பாத்தேன். காத்தால ரெண்டு தபா சோப்பு போட்டுக் குளிச்சிட்டுதான் வந்தேன். பயப்படாம போடுங்க, கெட்டியா கீது.”

திவ்யா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. அண்ணனால் தானாக வெளியே வர முடியவில்லை. நானும் கார்த்திக்கும் ஆளுக்கொரு கையாக இழுத்தோம். அவ்வளவு இழுத்தும் கட்டில் ஒரு சத்தம் போடவில்லை.

அடுத்த வாரம் அதே மாடியில் இன்னொரு வீட்டுக்கு ஒரு ஷெல்ஃப் கேட்டார்கள். அப்பா என்னோடு அளவெடுக்க வந்தார். வேறு தச்சர் பார்க்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் நேராக மேனாம்பேடுதான் போனேன். கட்டிலுக்கு நான் வாங்கியது பதினெட்டாயிரம், இரண்டு ஷீட்டோடு செலவானது இருபத்தோராயிரத்து நானூறு. குக்கர் அண்ணன் எனக்குக் கிடைக்க நான் கொடுத்த விலை, மூவாயிரத்து நானூறு ரூபாய்.